அப்பாவின் தப்பு

போன மாதம் கம்பாரிலிருந்து ஒரு தம்பி செய்தி அனுப்பியிருந்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாராம். "அக்கா, பாட்டு, படம் எல்லாம் வைத்து மனநோய்க்குச் சிகிச்சை கொடுக்கிறார்களாமே, அது உண்மைதானா? இல்லை, பணம் பிடுங்கும் வேலையா? என் அம்மாவுக்காகக் கேட்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

அம்மாவுக்காக என்று முடித்திருந்ததால் ஒற்றை வரியில் பதில் அனுப்ப மனம் வரவில்லை. அந்தக் கேள்விக்கான பதில் என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எழுதும்மா. யாருக்காச்சும் உதவுனா சரி. எம் பேர மட்டும் போடாத" என்றார். எனவே பெயர் இல்லாமல் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வயது எழுபத்தாறு. ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே அம்மாவைக் கட்டி, எங்களையும் வளர்த்தவர். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்படித்தான் நாங்கள் லூமுட்டுக்கு வந்து இந்தத் தாமானில் குடியேறினோம். அப்பா பல வருடம் காவலாளியாக வேலை பார்த்தார். அம்மா வீட்டிலிருந்தபடியே பலகாரம் சுட்டு விற்றார்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மா தவறினார். அதற்குப் பிறகு அப்பா பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டார். முதலில், துக்கம், போகப் போகச் சரியாகும் என்றோம். ஆறு மாதம் கழித்து, வயசாகிவிட்டது என்றோம். காலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போவார். பங்கோர் படகுகள் வருவதையும் போவதையும் பார்த்தபடி மதியம் வரை உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்தால் அரைச் சோறுதான் உள்ளே போகும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் கூடத்தில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருப்பார். "என்னப்பா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பார். அந்த ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒருநாள் என் மகன்தான் கேட்டான். "தாத்தா ஏம்மா சாப்பிடும்போது அழுவுறாரு?" நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை பார்த்திருக்கிறான்.

மருத்துவரிடம் கூட்டிப் போகலாம் என்றதும் உறவுக்காரர்கள் பயந்துவிட்டார்கள். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் போறியா?" என்றே கேட்டார் ஒரு சித்தப்பா. பேராக்கில் பிறந்த நமக்கெல்லாம் அந்த ஊர்ப் பெயர் ஒரு வசைச்சொல். 1911-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் பைத்தியம் என்ற சொல்லுக்குப் பதிலாக அந்தப் பெயரையே சொல்லிக் கேலி செய்து வளர்ந்தோம். அந்த மருத்துவமனையில் நலமாகித் திரும்பி வந்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தக் கேலி நம் வீட்டுப் பெரியவர்களின் வாயை எப்படி அடைத்து வைத்திருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அரசு மருத்துவமனை மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது மனச்சோர்வு நோய் என்றார். மலேசியச் சுகாதார அமைச்சின் 2023 ஆய்வின்படி, 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 10 லட்சம் பேருக்கு, இந்தப் பாதிப்பு இருக்கிறது. 2019-ல் இது 2.3 விழுக்காடாக இருந்தது. நான்கே வருடத்தில் இரட்டிப்பாகியிருக்கிறது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கலாம்.

மருந்து வேலை செய்தது. இரண்டு மாதத்தில் அப்பாவுக்குத் தூக்கம் வந்தது, பசி வந்தது. ஆனால் பேச்சு மட்டும் வரவில்லை. மருந்தோடு பேச்சுவழிச் சிகிச்சையும் தேவை என்று மருத்துவர் சொன்னார். சித்தியவானில் ஓர் ஆலோசகரிடம் இரண்டு முறை போனோம். நல்லவர்தான். ஆனால் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் பேச முடிந்தது. அப்பாவுக்குக் கடைக்கும் ஆபீசுக்கும் போதுமான அளவு மலாய் தெரியும். அம்மாவைப் பற்றிப் பேச அது போதாது.

விசாரித்ததில், ஈப்போவில் ஒரு தமிழ்ப் பெண் உளவியல் சிகிச்சையாளர் இருப்பது தெரிந்தது. பேச்சோடு தாளம், பாட்டு, ஓவியம், களிமண் எல்லாம் வைத்துச் சிகிச்சை செய்பவர் என்றார்கள். எனக்கும் அந்தத் தம்பிக்கு வந்த சந்தேகமேதான் வந்தது. எழுபத்து நான்கு வயது மனிதரைக் கிரையோன் பிடித்துக் கிறுக்க வைப்பார்களா? இருந்தாலும் போனோம். லூமுட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். வழி முழுவதும் அப்பா வாயைத் திறக்கவில்லை.

அந்த அறை ஆஸ்பத்திரி மாதிரி இல்லை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, அலமாரியில் சின்னச் சின்ன மேளங்கள், ஒரு சுருதிப் பெட்டி, வண்ணக் குச்சிகள், ஈரத்துணி மூடிய களிமண். அவர் முதலில் என்னிடம் மருந்து விவரம், மருத்துவர் கடிதம் எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு, "நீங்க வெளியில இருங்க. ஐயா சொன்னா மட்டும் உள்ள கூப்பிடுறேன்" என்றார். இங்கே பேசுவது எதுவும் அப்பா அனுமதி இல்லாமல் எனக்குக்கூடத் தெரிய வராது என்பதையும் அவர் எதிரிலேயே சொன்னார்.

உள்ளே நடந்ததை அப்பா ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார். முதல் அரை மணி நேரம் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்களாம். அப்பாவின் விரல்கள் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. அது அவருக்கே தெரியாத பழக்கம். அந்த அம்மா அதைக் கவனித்து, அதே அடியை மேசையில் மெதுவாகத் தட்டியிருக்கிறார். அப்பா நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்திருக்கிறார். பிறகு வேறொரு அடி தட்டியிருக்கிறார். அந்த அம்மா அதைத் திரும்பத் தட்ட, நடுவில் ஓர் அடி பிசகிவிட்டது.

"அப்படி இல்ல" என்றாராம் அப்பா.

"எப்படின்னு காட்டுங்க ஐயா."

அன்றைக்கு மீதி நேரம் முழுவதும் அப்பாதான் வாத்தியார். அந்த அம்மாவுக்குச் சரியாக வரவேயில்லையாம். அதைச் சொல்லும்போது அப்பா முகத்தில் சிரிப்பு இருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அப்பா தோட்டத்தில் தப்பு அடித்தவர். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் அவர்தான், சாவு வீட்டுக்கும் அவர்தான். வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, தோலைத் தீயில் வாட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார். ஒலி ஏறும் வரை விடமாட்டார். குட்டையான அடிக்குச்சி ஒரு கையில், மெல்லிய சிண்டுக்குச்சி மறு கையில். அவர் அடிக்கத் தொடங்கினால் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வாசலுக்கு ஓடி வருவோம்.

தாமானுக்கு வந்தபோது அந்தத் தப்பும் எங்களோடு வந்தது. கூடத்துச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்ற அன்று காலை, நான்தான் அதைக் கழற்றினேன். தப்பு என்றால் சாவு, தப்பு என்றால் சாதி என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். வருகிறவர்கள் எப்படியோ என்ற பயம் எனக்கு. பின்கட்டுச் சாமான் அறையில் போட்டேன். அப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நானும் அதை எடுத்து மாட்டவில்லை. சில வருடங்களில் கரையான் தின்று, தோல் கிழிந்து, குப்பையோடு போய்விட்டது.

அது மட்டுமில்லை. அம்மா தவறிய அன்று அப்பா என்னிடம், "ஒரு தப்பு கிடைச்சா உங்கம்மாவுக்கு நானே அடிச்சு அனுப்புவேன்" என்றார். நான் சொன்ன பதில் இது: "வேணாம்ப்பா. தாமான்ல எல்லாரும் பார்ப்பாங்க." தோட்டத்தில் எத்தனையோ பேரை அடித்து வழியனுப்பிய மனிதர், சொந்த மனைவியைக் கைகட்டி நின்று வழியனுப்பினார்.

இதெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது. அப்பாவுக்கு மறக்கவில்லை.

மூன்றாவது மாதம் சிகிச்சையாளர் ஒரு பெரிய தாளைக் கொடுத்து, "தோட்டத்துல நீங்க அடிச்ச இடத்த வரைஞ்சு காட்டுங்க ஐயா. அழகா இருக்கணும்னு இல்ல" என்றிருக்கிறார். அப்பா முதலில் சிவப்பை எடுத்துத் தீயை வரைந்திருக்கிறார். பிறகு கோயில், லயம், மரங்கள். தாளின் ஓரத்தில் ஒரு சுவர். அதில் கறுப்பாக ஒரு புள்ளி.

"இது என்ன ஐயா?"

"ஆணி."

அடுத்த முறை அப்பாவே என்னை உள்ளே கூப்பிடச் சொன்னார். அந்தப் படத்தை மேசையில் வைத்தார்கள். யாரும் எனக்கு விளக்கவில்லை. ஆணியைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நான் அழுதேன். அப்பாவும் அழுதார். சிகிச்சையாளர் அவசரப்பட்டுச் சமாதானம் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து நான், "மன்னிச்சிடுங்கப்பா" என்றேன். அப்பா, "உன்னச் சொல்லி என்னம்மா பண்றது. நானும்தான வாயத் தொறக்கல" என்றார். அம்மா போன பிறகு அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். இது பாட்டுப் போட்டுக் காட்டித் தூங்க வைக்கும் வித்தை இல்லை. இன்ன ராகம் கேட்டால் இன்ன நோய் போகும் என்ற பட்டியலும் இல்லை. பேச்சு வராத இடத்தில் கை பேசும், கை பேசியதைப் பிடித்துக்கொண்டு வாய் பேசத் தொடங்கும். எனக்குப் புரிந்த அளவில் இதுதான் வேலை செய்யும் முறை. தட்டுவதும் வரைவதும் கதவைத் திறக்கும் சாவி. உள்ளே போன பிறகு நடப்பது பேச்சுவழிச் சிகிச்சைதான்.

இது நேற்று முளைத்ததும் இல்லை. இங்கிலாந்தில் ஏட்ரியன் ஹில் என்ற ஓவியர் காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்தபோது வரைந்து வரைந்து தன்னைத் தேற்றிக்கொண்டார். மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். ஓவியச் சிகிச்சை என்ற பெயரை 1942-ல் சூட்டியவர் அவர்தான். அமெரிக்காவில், இரண்டாம் உலகப் போரில் உடலும் மனமும் உடைந்து திரும்பிய வீரர்களுக்கு மருத்துவமனைகளில் இசை வாசித்தார்கள். வாசிக்க மனம் இருந்தால் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று புரிந்தது. 1944-ல் மிச்சிகனில் இசைச் சிகிச்சைக்கென்றே பட்டப்படிப்பு தொடங்கியது.

அதே மிச்சிகனில் ஐரா ஆல்ட்ஷுலர் என்ற மனநல மருத்துவர் 1940-களில் ஒரு முறையை வகுத்தார். சோகத்தில் இருப்பவருக்கு எடுத்தவுடன் குதூகலமான பாட்டு போடக்கூடாது. முதலில் அவர் மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்க வேண்டும். பிறகு மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டு போக வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா சோர்ந்திருந்த நாட்களில் நான் டிவியில் காமெடிப் படம் போட்டு, "சிரிங்கப்பா, சிரிங்கப்பா" என்று படுத்திக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவோ அப்பா தட்டிய அடியிலிருந்தே தொடங்கினார்.

தமிழர் மண்ணிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இலங்கையின் மட்டக்களப்பில் 1996-ல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகனும், மட்டக்களப்பில் உளவளத் துணைப் பணி செய்துவந்த இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் அதன் பின்னணியில் இருந்தவர்கள். போரில் உறவுகளை இழந்த தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக அங்கே வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், வரைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்லத் தெரியாத வயதில் இருக்கும் பிள்ளைக்கு மண்ணும் வண்ணமும்தான் மொழி.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் மக்கள் மனத்தில் விட்டுப்போன வடுக்களைப் பற்றி விரிவாக எழுதியவர். மருந்தோடும் ஆலோசனையோடும், மக்கள் காலங்காலமாகச் செய்துவரும் சடங்குகளும் வழக்கங்களும் மனத்தை ஆற்றத் துணை நிற்கும் என்பது அவர் கருத்து. நம் தோட்டங்களில் ஒப்பாரியும் தப்பும் செய்த வேலை அதுதானே. ஊரே கூடி அழுதது. அழுது முடித்த பிறகு மனம் கொஞ்சம் லேசானது. தாமானுக்கு வந்து நாகரிகமானோம், அழுகையைச் சத்தமில்லாமல் ஆக்கிக்கொண்டோம். போகாத சத்தம் உள்ளேயே தங்கிவிட்டது.

அதற்காக எல்லாவற்றையும் நம்பிவிட வேண்டாம். 2017-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஒன்று, மனச்சோர்வுக்கு இசைச் சிகிச்சை பற்றி ஒன்பது ஆய்வுகளை, 421 பேரின் விவரங்களை, சேர்த்துப் பார்த்தது. வழக்கமான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையும் சேரும்போது, குறுகிய காலத்தில் கூடுதல் பலன் தெரிகிறது என்பதே அதன் முடிவு. கவனியுங்கள், வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக என்று அது சொல்லவில்லை. அப்பா இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார்.

ஆகவே தம்பி, அம்மாவைக் கூட்டிப் போகும் முன் நான்கு விஷயம் பாருங்கள். ஒன்று, முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு போன்ற உடல் கோளாறும் சோர்வாகத் தெரியும். இரண்டு, போகிறவரின் படிப்பைக் கேளுங்கள். ஆலோசகராகத் தொழில் செய்பவர் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. வார இறுதி வகுப்பில் வாங்கிய சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தால் அது போதாது. மூன்று, மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, இத்தனை நாளில் குணம் என்று உறுதி கொடுத்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். நான்கு, அம்மாவுக்கு எந்த மொழியில் அழ வருமோ அந்த மொழி தெரிந்தவரைத் தேடுங்கள்.

தனியாரிடம் போவது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. எங்களுக்கும் மாதம் இரண்டு முறைக்கு மேல் முடியவில்லை. சுகாதார அமைச்சு பல ஊர்களில் மெந்தாரி என்ற சமூக மனநல மையங்களை நடத்துகிறது. உங்கள் வட்டார மருத்துவமனையில் விசாரியுங்கள். இன்று இரவே யாரிடமாவது பேசியாக வேண்டும் என்ற நிலை வந்தால் அமைச்சின் 15555 எண்ணை அழைக்கலாம். பிஃபிரண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 999-தான், யோசிக்க வேண்டாம்.

அந்தச் சிகிச்சையாளரின் பெயரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம். தன்னிடம் வருகிறவர்களின் குடும்பத்தார் தனக்கு விளம்பரம் செய்வது முறையில்லை என்று அவர் கேட்டுக்கொண்டார்.

அப்பா முழுக்க மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். இன்னும் சில நாள் படகுத்துறையில் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். சில இரவுகளில் கூடத்தில் விளக்கில்லாமல் இருக்கிறார். ஆனால் "என்னப்பா?" என்று கேட்டால் இப்போது, "உங்கம்மா நெனப்பு" என்கிறார். அது பெரிய வித்தியாசம். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

போன வருடம் அவரே கேட்டு ஒரு தப்பு வாங்கினோம். அம்மாவின் திதியன்று சாயங்காலம் வாசலில் காகிதத்தைக் கொளுத்தித் தோலை வாட்டினார். பத்து நிமிடம்தான் அடித்திருப்பார். கை முன்பு போல் இல்லை, நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். தாமானில் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்தால் என்ன?

இப்போது அது பழைய ஆணியிலேயே தொங்குகிறது. இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா கூடத்துக்கு வந்து, ஒரு விரலால் அதைச் சுண்டிப் பார்த்தார்.

"மழையில தோலு எறங்கிப் போச்சு. நாளைக்கு வெயில் வந்தா கொஞ்சம் காய வைக்கணும்" என்றார்.